மாடித் தோட்டத்தில் மாசி விதைப்பு

மாசி பிறந்ததும் மொட்டைமாடித் தொட்டிகளில் தக்காளி நட ஆசை வரும். கொஞ்சம் பொறுங்கள், நேயர்களே. பங்குனி, சித்திரையில் வெயில் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்காமல் கொட்டிவிடும். வெயிலுக்கு அஞ்சாதவை வெண்டையும் கொத்தவரையும்தான். வெண்டை விதையை இரவில் ஊறவைத்துக் காலையில் ஊன்றினால் சுமார் 45 நாளில் காய் பறிக்கத் தொடங்கலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் பறியுங்கள். முற்றவிட்டால் காய் நாராகும், செடியும் பூப்பதைக் குறைத்துக்கொள்ளும்.

பூசணி போட்டவர்களுக்கு வேறு கவலை. கொடி நிறையப் பூக்கும், ஒன்றும் காய்க்காது! முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்கள், உதிரத்தான் செய்யும். பெண் பூவின் அடியில் குட்டிப் பிஞ்சு ஒன்று இருக்கும், அதுதான் அடையாளம். உயரமான மாடிக்குத் தேனீ வருவது குறைவு என்றால், காலை எட்டு மணிக்குள் ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களை நீக்கிவிட்டு, பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள். பீர்க்கு, சுரை என்றால் மாலையில் செய்யுங்கள். அவை மலர்வது அந்தியில்தான்.

தொட்டி மண்ணைக் காய்ந்த சருகால் மூடிவையுங்கள். விரலை விட்டுப் பார்த்து, ஈரம் இல்லையென்றால் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள்.