மணத்தைக் காட்டும் மண்

இங்கிலாந்தின் ஊர்த் தேவாலயங்களுக்குத் திருமணப் பதிவேடு வைக்க உத்தரவு வந்தது 1538-இல்தான். அதற்கு முந்தைய பிரபுக்களின் மண உறவுகளுக்கு ஆகச் சிறந்த சாட்சி நிலம். சீதனமாக நிலம் போனது. கணவன் இறந்தால் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு விதவையின் ஆயுளுக்கு. மகன் இல்லையென்றால் மகள்களுக்குச் சமபங்கு. இவற்றை அரசு எழுதி வைத்தது அக்கறையால் அல்ல, வருமானத்துக்காக. 1195 முதல் நில உடன்பாடுகளை ஒரே தோலில் மூன்று முறை எழுதி, நெளிவாக வெட்டினார்கள். இரு தரப்புக்கும் ஆளுக்கொன்று, அடித்துண்டு அரசுக்கு.

ஓர் எடுத்துக்காட்டு: 1314-இல் ஸ்காட்லாந்தில் நடந்த பானக்பர்ன் போரில், பெருநிலப் பிரபுவான கிளேர் குடும்பத்து கில்பர்ட் பிள்ளையின்றி மாண்டார். மனைவி கருவுற்றிருப்பதாகச் சொன்னதால் பங்கீடு 1317 வரை இழுத்தது. நிலம் அதுவரை தன் கையில் இருந்ததால், அத்தனை நீண்ட கர்ப்பத்தை நம்ப அரசருக்கும் வசதியாக இருந்திருக்கும்! பிறகு சகோதரிகள் எலனோர், மார்கரெட், எலிசபெத் மூவருக்கும் சொத்து பிரிந்தது. கணவர்கள் ஹியூ டெஸ்பென்சர், ஹியூ ஆட்லி, ரோஜர் டாமரி பங்குகளைக் கைக்கொண்டார்கள். எலிசபெத்துக்கு டாமரி மூன்றாவது கணவர்.

கைமாறிய நிலம் விற்கப்பட்டதாகவும் இருக்கலாமே என்று கேட்கலாம். நியாயம்தான், வெறும் கைமாற்றத்தை வைத்து உறவு சொல்வது ஊகம். ஆனால் தந்தை, மகளுக்கும் மருமகனுக்கும் எழுதிக்கொடுத்து, குழந்தையில்லாவிட்டால் நிலம் தன்னிடமே திரும்ப வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தால், அதை விற்பனை என்று யாரும் வாதிட முடியாது. மணநாள் மட்டும் தெரியாது. இன்ன ஆண்டுக்குள் மணம் முடிந்திருந்தது என்பதோடு நிற்க வேண்டும். உண்மையான இடைவெளி வேறு: காலப்போக்கில் சீதனம் பணமாக மாறியதும், சகோதரர்கள் உள்ள மகள்கள் பலர் நில ஆவணங்களிலிருந்து மறைந்துவிடுகிறார்கள்.