ஒரு தரம்... இரண்டு தரம்... ஆளைக் காணோம்!

ஏலம் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா, தோழர்களே! ஏரி மீன் ஏலம், புளியமர ஏலம், சந்தைக் குத்தகை ஏலம் — பார்த்துப் பழகியவர்கள்தானே நாம்! தமுக்கு அடிப்பார்கள், ஆள் கூடும், அதிகாரி மேசை போட்டு உட்காருவார். ஒருவன் ஐந்நூறு என்பான்; அவன் மைத்துனன் ஐந்நூற்றைந்து என்பான்; இருவரும் கூட்டு என்பது ஊருக்கே தெரியும், அதிகாரிக்கு மட்டும் தெரியாது! கடைசியில் ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் — முடிந்தது.

ஆனால் தமுக்கும் அடித்து, மேசையும் போட்டு, ரசீதுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தும், ஒரு மனிதர்கூட எட்டிப் பார்க்காத ஏலத்தைக் கண்டதுண்டா? 2025 ஜனவரியில் நடந்தது அப்படி ஒரு ஏலம். போட்டது ஏதோ ஒரு சின்ன ஊராட்சி அல்ல — அமெரிக்க ஐக்கிய நாட்டுச் சர்க்கார்! ஏலத்துக்கு வந்ததும் மீனல்ல, புளியல்ல. 4 லட்சம் ஏக்கர் நிலம். அதனடியில் இருப்பதாகச் சொல்லப்படும் எண்ணெய். ஜனவரி 6-ஆம் நாளோடு கெடு முடிந்தது. மூடிய உறை ஒன்று — ஒன்றே ஒன்று — வரவில்லை.

சரி, கேட்பாரில்லை, கடையைக் கட்டுவோம் என்றுதானே நீங்களும் நானும் நினைப்போம்? அதே ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் கையெழுத்தான சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? பத்தாண்டுக்குள் இன்னும் 4 தடவை ஏலம் போட்டே ஆகவேண்டும். தடவைக்கு 4 லட்சம் ஏக்கருக்குக் குறையக் கூடாது என்கிறது! வாங்க வருபவன் இல்லை. விற்றே தீருவேன் என்கிறான் விற்பவன். இந்த விந்தையின் வேர் எங்கே இருக்கிறது என்று பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

வட அமெரிக்க வரைபடத்தை எடுங்கள். மேற்கு உச்சியில் தலைப்பாகை போல ஒட்டிக்கொண்டிருப்பது அலாஸ்கா. 1867-ல் ரஷ்ய ஜார் மன்னனிடமிருந்து 72 லட்சம் டாலருக்கு அமெரிக்கா வாங்கிய பூமி. விற்றவனும் வாங்கியவனும் பேசி முடித்தார்கள். அங்கே குடியிருந்தவனைக் கேட்டார்களா? கேட்கவில்லை. அந்தக் காலத்தில் அது வழக்கமில்லை. எந்தக் காலத்தில் வழக்கமாக இருந்தது என்கிறீர்களா, அதுவும் நியாயமான கேள்விதான்!

அந்த அலாஸ்காவின் வடகிழக்கு மூலையில், புரூக்ஸ் மலைத் தொடரைச் சுற்றிய 89 லட்சம் ஏக்கரை 1960 டிசம்பரில் ஐசனோவர் சர்க்கார் வனவிலங்குகளுக்கென ஒதுக்கி வைத்தது. 1980 டிசம்பரில் குடியரசுத் தலைவர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அதை ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சம் ஏக்கராக விரித்தது. முதல் உத்தரவு வந்தபோது கென்னடி தேர்தலில் வென்றாகிவிட்டது. இரண்டாவது கையெழுத்தின்போது கார்ட்டர் ரீகனிடம் தோற்றாகிவிட்டது. வீட்டைக் காலி செய்யும் நேரத்தில் செய்த காரியங்கள் இரண்டும்!

1980-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு முடிச்சு இருந்தது. மலைக்கும் வடகடலுக்கும் நடுவே 15 லட்சம் ஏக்கருக்குச் சற்று அதிகமான கரையோரச் சமவெளி. அதை மட்டும் தனியே எடுத்து வைத்து, இங்கே என்ன இருக்கிறதென்று ஆராய்ந்து பாருங்கள். ஆனால் எண்ணெய்க் குத்தகைக்கு விடக் கூடாது. விடுவதானால் காங்கிரஸ் தனியே சட்டம் இயற்ற வேண்டும் என்று எழுதினார்கள். (காங்கிரஸ் என்றதும் கதர்க் குல்லாயைத் தேடாதீர்கள். அமெரிக்கப் பாராளுமன்றத்துக்கு அதுதான் பெயர்!) பூட்டும் போட்டு, சாவி யாரிடம் என்றும் எழுதி வைத்தார்கள். அன்றிலிருந்து அந்தச் சாவிக்குத்தான் சண்டை.

சண்டை ஏன்? மேற்கே சற்றுத் தொலைவில் புரூடோ விரிகுடா. 1968-ல் அங்கே எண்ணெய் பொங்கியது. 800 மைல் நீளக் குழாய் போட்டு, 1977 முதல் தெற்குத் துறைமுகமான வால்டீசுக்கு ஓட்டினார்கள். 1988-ல் நாளொன்றுக்கு 20 லட்சம் பீப்பாய் ஓடிய குழாயில், 2020-க்குப் பிந்தைய ஆண்டுகளில் ஓடியது அதில் கால் பங்குதான். எண்ணெய்ப் பணத்தில் நிதி திரட்டி 1982 முதல் குடிமகன் ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் காசோலை அனுப்புகிற மாநிலம் அலாஸ்கா. குழாய் வற்றினால் அவர்கள் கலங்கமாட்டார்களா? கலங்குவார்கள். அதைக் கேலி பேச எனக்கு மனம் வரவில்லை. பக்கத்துச் சமவெளியிலும் தோண்டலாம் என்று அவர்கள் ஆசைப்பட்டதில் வியப்பில்லை. 1998-ல் அந்நாட்டு நிலவியல் துறை போட்ட கணக்கு, அங்கும் அதை ஒட்டிய பகுதியிலும் சராசரியாக 1,040 கோடி பீப்பாய் எடுக்கலாம் என்றது. கணக்குத்தான்! அந்தச் சமவெளியில் தோண்டப்பட்ட சோதனைக் கிணறு ஒன்றே ஒன்று. 1980-களின் நடுவில் தோண்டினார்கள். என்ன கண்டார்கள் என்பதைப் பல்லாண்டுக் காலம் பூட்டி வைத்தார்கள்.

இனி அந்தச் சமவெளியில் வாழும் உயிர்களைப் பார்ப்போம். காரிபு என்றொரு மான் இனம் — பனி நாட்டு மான். போர்க்குப்பைன் ஆற்றின் பெயரால் வழங்கும் ஒரு மந்தை. 2017 கணக்கெடுப்பில் 2 லட்சத்து 18 ஆயிரம். குளிர்காலத்தில் மலைக்குத் தெற்கேயும் கனடாவிலும் திரியும் இந்த மந்தை, பல நூறு மைல் நடந்து, பெரும்பாலான ஆண்டுகளில் ஜூன் தொடக்கத்தில் இந்தக் கரையோரத்துக்கு வந்துதான் குட்டி போடுகிறது. ஏன்? கடற்காற்றில் கொசு குறைவு. மலையடிவாரத்து ஓநாயும் கரடியும் இங்கே குறைவு. இளம்புல் அப்போதுதான் முளைக்கிறது. தாய்வீடு தேடிப் பிள்ளைப்பேற்றுக்குப் போகும் பெண்ணைப் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

அந்த மானை நம்பி வாழ்பவர்கள் குவிச்சின் மக்கள். சில ஆயிரம் பேர். அலாஸ்காவிலும் கனடாவிலும் சிதறிய சிற்றூர்கள். உணவு அந்த மான், உடை அந்த மான், பாட்டும் ஆட்டமும் அந்த மான். கடை அரிசிபோல விலை கொடுத்து வாங்கும் பொருளல்ல அது. ஆகாய விமானத்தில் வந்திறங்கும் கடைச் சரக்கின் விலை அந்த ஊர்களில் யானை விலை. குட்டி போடும் சமவெளிக்கு அவர்கள் வைத்த பெயரின் பொருள், உயிர் தொடங்கும் புனித இடம் என்பது. 1988-ல் ஆர்க்டிக் வில்லேஜ் என்ற சிற்றூரில் எல்லா ஊராரும் கூடி, அங்கே தோண்டலாகாது என்று ஒருமுகமாக முடிவு செய்து, போராட ஒரு குழுவும் அமைத்தார்கள்.

ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி உங்களை ஏமாற்ற நான் விரும்பவில்லை. அந்தச் சமவெளியின் கரையிலேயே காக்டோவிக் என்றொரு கிராமம். சில நூறு பேர் வாழும் இனுப்பியாட் மக்களின் ஊர். அவர்களில் பலர் தோண்டட்டும் என்கிறார்கள். எண்ணெய் வரிப் பணம் வந்த பிறகுதான் எங்கள் பகுதிக்குப் பள்ளிக்கூடமும் குழாய்த் தண்ணீரும் மருத்துவமும் வந்தன என்கிறார்கள். பொய்யா? இல்லை, மெய். எங்கள் மண், எங்களைக் கேட்காமல் வெளியூரார் பூட்டுப் போட்டது என்ன நியாயம் என்றும் கேட்கிறார்கள். பதில் சொல்ல வேண்டிய கேள்விதான் அது. ஆனால் பள்ளிக்கூடமும் தண்ணீரும் ஒரு குடிமகனுக்குக் கிடைக்க, பக்கத்துக் குடிமகனின் சோற்றுப் பானை உடைந்தாக வேண்டும் என்ற நிலையை உண்டாக்கியவர் யார்? காக்டோவிக்காரனா, குவிச்சின்காரனா? இருவருமில்லை!

தொழிலாளத் தோழர்கள் கேட்பீர்கள்: வேலை கிடைக்குமே ஐயா! அங்கேயும் கேட்டார்கள். டீம்ஸ்டர்ஸ் என்ற பெரும் தொழிற்சங்கம் 2001-ல் தோண்டுவதற்கு ஆதரவாக நின்றது. 7 லட்சத்துக்கு மேல் வேலை என்ற கணக்கு ஊரெல்லாம் சுற்றிற்று. 1990-ல் எழுதப்பட்ட கணக்கு அது. எழுதக் கூலி கொடுத்தவர் யார்? எண்ணெய் முதலாளிகளின் சங்கம்! பெண்ணுக்கு மாப்பிள்ளையைப் பற்றி மாப்பிள்ளையின் அம்மாவிடமே விசாரித்த கதை.

நேர்வழியில் சாவி கிடைக்கவில்லை. 1989 மார்ச்சில் செனட் குழு ஒன்று குத்தகை மசோதாவுக்கு இசைவு தந்தது. சில நாள் கழியுமுன் எக்ஸான் வால்டீஸ் கப்பல் பாறையில் மோதி 1 கோடியே 10 லட்சம் காலன் எண்ணெயை அலாஸ்காக் கடலில் கொட்டியது. மசோதா மூழ்கியது. 1995-ல் வரவுசெலவு மசோதாவுக்குள் நுழைத்தார்கள். கிளிண்டன் கையெழுத்திட மறுத்தார். 2005 டிசம்பரில் அலாஸ்கா செனட்டர் ஸ்டீவன்ஸ் அதைக் கொண்டுபோய் இராணுவச் செலவு மசோதாவில் கட்டினார். போர்முனைச் சிப்பாயின் சம்பளம் அதில். கத்ரினாப் புயலில் வீடிழந்தவனுக்கு நிவாரணம் அதில். அதன் வாலில் எண்ணெய்க் குத்தகை! எதிர்த்து வாக்களித்தால் சிப்பாய்க்குத் துரோகி, ஏழைக்குத் துரோகி. துணிந்து எதிர்த்தார்கள். செனட்டில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போக 60 பேர் வேண்டும், கிடைத்தது 56.

60 வேண்டாம், பாதிக்கு மேல் ஒருவர் போதும் என்று ஒரு பின்கதவு உண்டு. 1974-ஆம் ஆண்டு வரவுசெலவுச் சட்டம் திறந்து வைத்த கதவு. ஆனால் அதற்குள் நுழைய ஒரு நிபந்தனை: நுழையும் ஒவ்வொரு பிரிவும் கஜானாவின் வரவையோ செலவையோ தொட்டாக வேண்டும். ஆகவே, குத்தகை விட்டால் பணம் வரும் என்று காட்ட வேண்டியது கட்டாயமாயிற்று. பணம் வருமா வராதா என்பது பிறகு!

2017 டிசம்பரில் டிரம்ப் கையெழுத்திட்ட வரிக்குறைப்புச் சட்டத்தில் அது நடந்தது. செனட்டில் 51-க்கு 48. அந்த வரிக்குறைப்பால் பத்தாண்டில் கஜானாவுக்கு ஏறக்குறைய 1,50,000 கோடி டாலர் நட்டம். எண்ணெய்க் குத்தகையால் மத்திய சர்க்காருக்கு வரும் என்று போட்ட கணக்கு ஏறத்தாழ 110 கோடி டாலர். கூரை பறந்த வீட்டுக்கு ஒரு கீற்று! அந்தக் கீற்றுக்குத்தான் நாற்பதாண்டுப் பூட்டை உடைத்தார்கள்.

2,000 ஏக்கருக்கு மேல் தொடமாட்டோம் என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரம்பும் உண்டு. கேட்க இனிக்கிறதல்லவா? கணக்கிடும் முறையைப் பாருங்கள். எண்ணெய்க் குழாயைத் தூண்மேல் தூக்கிக் கட்டினால், தூண் நிற்கும் இடம்தான் கணக்கு. குழாய் ஓடும் தூரம் கணக்கில்லை. கட்டிலின் நான்கு கால் படும் இடம்தான் கட்டிலின் அளவு என்றால், நம் குடிசையில் நாற்பது கட்டில் போடலாமே! பனிமண்ணின் காயம் எளிதில் ஆறுவதுமில்லை. 1984-85-ல் நில அதிர்வு சோதனைக்கு ஓடிய வண்டிகளின் தடம், இருபதாண்டுக்கு மேலாகியும் சில இடங்களில் மறையவில்லை.

சட்டப்படி முதல் ஏலம் 2021 ஜனவரி 6. பெரிய எண்ணெய்க் கம்பெனி ஒன்றுகூட வரவில்லை! சந்தை நிலையற்றது, செலவு மிகுதி. தவிர, 2020 முடிவதற்குள் அமெரிக்காவின் ஆறு பெரிய வங்கிகளும் வடதுருவத்தில் எண்ணெய் தோண்டப் பணம் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டன. வந்த கேட்பு மொத்தமும் 1 கோடியே 44 லட்சம் டாலர். கேட்டவர்கள் இரண்டு சின்னக் கம்பெனிகள், அவற்றோடு ஒரு பெரிய புள்ளி. யாரந்தப் பெரிய புள்ளி? அலாஸ்கா மாநிலச் சர்க்காரின் தொழில் வளர்ச்சி நிறுவனம்! ஏலத்தொகையில் பாதி அலாஸ்காவுக்கே போகும் என்பது சட்டம். வலக்கைப் பணம் பாதி இடக்கைக்குத் திரும்பியது. ஏரி மீன் ஏலத்து மைத்துனர்கள் இவர்களிடம் பாடம் கேட்க வேண்டும்!

சின்னக் கம்பெனிகள் இரண்டும் 2022-ல் குத்தகையைக் கைவிட்டன. மாநில நிறுவனத்தின் 7 குத்தகைகளை 2023-ல் பைடன் சர்க்கார் ரத்து செய்தது. அப்படி ரத்து செய்தது சட்டப்படி தவறு என்று 2025 மார்ச்சில் நீதிமன்றம் சொன்னது. வழக்கறிஞர்களுக்கு மட்டும் எண்ணெய் கிடைத்தது போலிருக்கிறது.

2025 ஜனவரி ஏலத்துக்கு ஆள் வராததற்குப் பைடன் விதித்த கடும் நிபந்தனைகளே காரணம் என்று அலாஸ்கா சர்க்கார் வாதாடியது. இருக்கலாம். அப்படியானால் 2021? அப்போது பதவியில் இருந்தவர் டிரம்ப்தான். நிபந்தனைகளைத் தளர்த்தியவர் அவர்தான். 10 லட்சம் ஏக்கருக்கு மேல் ஏலத்தில் வைத்தவரும் அவர்தான். வந்தது 1 கோடியே 44 லட்சம்.

2025 ஜூலைச் சட்டமும் அதே பின்கதவு வழியாகத்தான் வந்தது. வரி, மருத்துவ உதவி, எல்லைக்காவல் என்று நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு நடுவே இந்தப் பிரிவு. செனட்டில் 50-க்கு 50 என்று சமமாகி, துணைக் குடியரசுத் தலைவர் வான்ஸ் தம் வாக்கைப் போட்டு நிறைவேற்றினார். 2017-ல் காட்டிய 110 கோடி எங்கே போயிற்று என்பதற்கு அந்தப் பக்கங்களில் பதிலில்லை. அலாஸ்காவின் பங்கைப் பின்னாளில் பாதியிலிருந்து 70 விழுக்காடாக உயர்த்தியிருக்கிறார்கள். ஏலங்களுக்குக் கெடு வைத்திருக்கிறார்கள். முதல் ஏலத்துக்கு ஓராண்டு.