முள்ளுக்குள் ஒரு கொடி உறவு

ஜித்தாவிலிருந்து தாயிஃப் போகிற வழியில் வண்டியை ஓரங்கட்டினோம். கல்லுக்கு நடுவே ஒரு முட்புதர். அதில் புனல் மாதிரிப் பூக்கள்.

"இது நம்ம ஊர் அடப்பங்கொடிக்குச் சொந்தம்டா" என்றேன்.

மகன் நம்பவில்லை. "அது கொடி. இது வெறும் முள்ளுப்பா!"

இதன் பெயர் கான்வால்வுலஸ் ஹிஸ்ட்ரிக்ஸ். 1790-ல் டென்மார்க் தாவரவியலாளர் மார்ட்டின் வால் வைத்தது. முதல் பாதி, சுற்றிக்கொள்வதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஹிஸ்ட்ரிக்ஸ் கிரேக்கத்தில் முள்ளம்பன்றி. சுற்றவே தெரியாத செடிக்கு ஏன் இந்தப் பெயர்?

பூவைப் பாருங்க, புரியும். ஐந்து இதழும் ஒன்றாக ஒட்டிப் புனலாகியிருக்கும், மொட்டில் முறுக்கிக்கொண்டிருக்கும். அடப்பங்கொடி, வள்ளைக்கீரை, சர்க்கரைவள்ளி எல்லாவற்றின் பூவும் அதே கட்டமைப்புதான். குடும்பம் ஒன்று, கான்வால்வுலேசி. பேரினம்தான் வேறு. மற்றதெல்லாம் பாலைவனத்துக்கான ஏற்பாடு: இலை சிறுத்து ரோமம் போர்த்தியிருக்கும், தண்ணீர் வீணாகாது. கிளை நுனியே கூர்ந்து முள்ளாகிவிடும், ஆடு சுலபமாக மேயமுடியாது.

2015-ல் வெளியான ஆய்வுநூல் ஒன்று உலகம் முழுக்க 190 கான்வால்வுலஸ் இனங்களைத் தொகுத்தது. கொடியும் முட்புதரும் அதில் ஒரே பேரினம்.

லீவில் ஊருக்குப் போனபோது, "நீ பேசுறது தமிழே இல்ல" என்று சொந்தக்காரப் பசங்க இவனைக் கேலி செய்திருந்தார்கள். கொஞ்ச நேரம் பூவையே பார்த்தவன் கேட்டான்:

"சுத்தாட்டியும் சொந்தம்தானாப்பா?"

"சொந்தம்தான்டா" என்றேன்.