பக்கத்து வீடு விடுதியானால்... அடுக்குமாடிவாசிகள் என்ன செய்யலாம்?

வெள்ளிக்கிழமை இரவு பத்து மணி. ஜோகூர் கடற்பாலத்தில் சிங்கப்பூரிலிருந்து வரும் வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருக்கின்றன. ஜோகூர் பாருவில் குடிநுழைவுச் சாவடிக்கு அருகிலுள்ள அடுக்குமாடி ஒன்றில், மின்தூக்கிக்கு முன்னால் பயணப் பெட்டிகளோடு ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். அவர்கள் போகும் வீட்டின் வாசலில் எண்பூட்டுப் போட்ட சிறு பெட்டி தொங்குகிறது. எண்ணை அழுத்தினால் சாவி கைக்கு வருகிறது. பிறகு நள்ளிரவு வரை பாட்டும் கூச்சலும்தான். அடுத்த கதவுக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒரு தாய் விழித்திருக்கிறார். விடிந்ததும் வேலைக்குப் போக வேண்டிய கணவருக்கும் தூக்கமில்லை. ஞாயிறு மாலை அந்தக் கூட்டம் கலைந்துவிடும். அடுத்த வாரம் வேறு முகங்கள் வரும்.

ஏர்பிஎன்பி போன்ற இணையத் தளங்கள் வந்த பிறகு, அடுக்குமாடிகளில் அடிக்கடி எழும் புகார் இது. ஓரிரு நாள் தங்குவதற்கு வீட்டை வாடகைக்கு விடும் இந்தப் பழக்கம் ஜோகூரில் பரவியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் சட்டம் கடுமையானது. அங்கே தனியார் வீட்டைக் குறைந்தது 3 மாதத்துக்கும், வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டைக் குறைந்தது 6 மாதத்துக்கும்தான் வாடகைக்கு விடலாம். 2018இல் இந்த விதியை மீறிய இருவருக்குத் தலா 60,000 சிங்கப்பூர் வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. இந்தப் பக்கமோ கட்டடங்கள் பெருகின. வாங்கிய வீடுகள் பல காலியாகக் கிடந்தன. 2012இல் இஸ்கந்தர் புத்ரியில் திறக்கப்பட்ட லெகோலேண்டும், புக்கிட் சாகாரை உட்லண்ட்ஸ் நார்த்தோடு இணைக்கும் ஆர்டிஎஸ் இரயில் திட்டமும் முதலீட்டாளர்களின் ஆசையைக் கிளறிவிட்டன.

என் வீடு, என் உரிமை!

'நான் கடன் வாங்கி வாங்கிய வீடு. மாதத் தவணையை வங்கி விட்டுவைக்குமா? யாருக்கு வாடகைக்கு விட்டால் இவர்களுக்கு என்ன?' என்று உரிமையாளர் கேட்பார். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. தவணை, பராமரிப்புக் கட்டணம், மதிப்பீட்டு வரி என்று மூன்று பக்கமும் நெருக்கும்போது காலி வீடு ஒரு சுமைதான்.

ஆனால், அடுக்குமாடி வீடு தனி நிலத்தில் நிற்கும் வீடு அல்ல. கதவுக்கு உள்ளே இருப்பது ஒருவருக்குச் சொந்தம். கதவுக்கு வெளியே உள்ள நடைபாதை, மின்தூக்கி, நீச்சல் குளம், கார் நிறுத்துமிடம், காவல் எல்லாம் பொதுச் சொத்து. மின்தூக்கி பழுதானால் அதற்குரிய செலவு எல்லாருடைய கட்டணத்திலிருந்தும் போகிறது. வாரத்துக்கு இரண்டு முறை ஆள் மாறும் வீட்டின் வருமானம் ஒருவருக்கு. தேய்மானமும் பாதுகாப்புக் கவலையும் மற்றவர்களுக்கு. சிக்கலின் வேர் இதுதான்.

நீதிமன்றம் சொன்னது என்ன?

இந்த வழக்கைத் தலைநகரில் ஓர் அடுக்குமாடி கடைசிவரை நடத்திப் பார்த்தது. அது மோன்கியாராவிலுள்ள வெர்வ் சூட்ஸ். குறுகிய கால வாடகையைத் தடைசெய்து, மீறினால் நாளொன்றுக்கு 200 வெள்ளி அபராதம் என்று அதன் நிர்வாகக் கழகம் 2017இல் கூட்டம் கூட்டி விதி இயற்றியது. சில உரிமையாளர்கள் அதை ஏற்கவில்லை. உயர்நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் நிர்வாகக் கழகமே வென்றது. 2020 அக்டோபரில் நாட்டின் உச்ச அமைப்பான கூட்டரசு நீதிமன்றமும் அந்த விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது.

வழக்கின் மையம், 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டத்தின் 70ஆம் பிரிவு. வீட்டை விற்பதையோ குத்தகைக்கு விடுவதையோ அடமானம் வைப்பதையோ கூடுதல் துணைவிதி தடுக்கக் கூடாது என்று அது சொல்கிறது. 'வாடகையை எப்படித் தடுக்கலாம்?' என்று உரிமையாளர்கள் வாதாடினார்கள். ஓரிரு நாள் வந்து போகிறவர் வாடகைதாரர் ஆகமாட்டார் என்பது நீதிமன்றத்தின் பதில். வாடகைதாரருக்கு வீட்டின் மீது தனி உரிமை கிடைக்கிறது. இவருக்குக் கிடைப்பதோ ஹோட்டல் அறை விருந்தினருக்குக் கிடைப்பது போன்ற தங்கும் அனுமதி மட்டுமே. ஆகவே அதைத் தடுப்பது சட்டத்துக்கு முரணாகாது.

இந்தத் தீர்ப்பைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நாடெங்கும் குறுகிய கால வாடகைக்குத் தடை என்று நீதிமன்றம் சொல்லவில்லை. முறைப்படி கூடி, முறைப்படி தடை விதித்தால் அது செல்லும் என்றுதான் சொன்னது. தடை வேண்டுமா, வேண்டாமா என்பது குடியிருப்பாளர்களின் கையில் இருக்கிறது.

அந்த நாலில் மூன்று

விதி பிறக்கும் இடம் பொதுக்கூட்டம். காவலாளியின் மேசையிலோ வாட்ஸ்ஆப் குழுவிலோ அது பிறப்பதில்லை. கூட்டு நிர்வாகக் குழுவானாலும், பட்டா கிடைத்த பிறகு அமையும் நிர்வாகக் கழகமானாலும், கூடுதல் துணைவிதிக்குச் சிறப்புத் தீர்மானம் தேவை. குறைந்தது 21 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து, தீர்மானத்தின் வாசகத்தையும் அதில் குறிப்பிட வேண்டும். கூட்டத்தில் பதிவாகும் செல்லுபடியான வாக்குகளில் நாலில் மூன்று பங்கு ஆதரவு கிடைக்க வேண்டும்.

கணக்கைக் கவனிக்க வேண்டும். 300 வீடுகள் உள்ள கட்டடத்தில் 40 வாக்குகள் மட்டுமே பதிவானால், 30 வாக்கு கிடைத்தால் தீர்மானம் நிறைவேறும். 11 பேர் எதிர்த்தால் விழுந்துவிடும். கைதூக்கும் வாக்கெடுப்பில் ஒரு வீட்டுக்கு ஒரு வாக்கு. பத்து வீடு வைத்து வாடகைத் தொழில் நடத்துகிறவருக்குப் பத்து வாக்கு உண்டு, அவர் கூட்டத்துக்குத் தவறாமல் வருவார். குறித்த நேரத்தில் போதிய ஆள் சேராவிட்டால், அரை மணி நேரம் கழித்து வந்திருப்பவர்களை வைத்தே கூட்டம் நடக்கும். வீட்டில் இருந்துகொண்டு முணுமுணுத்த 260 பேரின் கருத்து அங்கே கணக்கில் வராது.

இன்னொரு தவறும் நடக்கிறது. நிர்வாகத்தின் மீது கோபம் வந்ததும், 'நடவடிக்கை எடுக்கும்வரை பராமரிப்புக் கட்டணம் கட்டமாட்டேன்' என்று சிலர் நிறுத்திவிடுகிறார்கள். கூட்டத்துக்கு ஏழாம் நாள் முன்பு கட்டணம் பாக்கி இருந்தால் வாக்குரிமை போய்விடும். தூக்கம் கெட்டவரே தம் வாக்கையும் கெடுத்துக்கொள்கிறார்!

செய்ய வேண்டியவை

முதலாவது, பதிவு. நாள், நேரம், வீட்டு எண், நடந்தது என்ன என்பதை எழுதி வைக்க வேண்டும். காவலாளியின் வருகைப் பதிவேடும் இணைய விளம்பரத்தின் நகலும் சான்றாகும். விருந்தினரோடு வாய்ச்சண்டை வேண்டாம். அவர் பணம் கொடுத்து வந்தவர், பொறுப்பு உரிமையாளருடையது.

இரண்டாவது, எழுத்துப்பூர்வப் புகார். தனி விதி இயற்றப்படாத கட்டடத்திலும் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளில் உள்ள பொதுத் துணைவிதிகள் உண்டு. அண்டைவீட்டாருக்குத் தொல்லை கொடுக்கக் கூடாது, அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டுக்கு மாறாக வீட்டைப் பயன்படுத்தக் கூடாது என்பவை எல்லாக் கட்டடங்களுக்கும் பொருந்தும்.

மூன்றாவது, கூட்டம். நிர்வாகம் தயங்கினால், மொத்தப் பங்கு அலகுகளில் நாலில் ஒரு பங்கு வைத்திருக்கும் உரிமையாளர்கள் கையெழுத்திட்டுச் சிறப்புப் பொதுக்கூட்டம் கேட்கலாம். வர முடியாதவர் பிரதிநிதியை அனுப்பலாம். ஒருவர் ஓர் உரிமையாளருக்கு மட்டுமே பிரதிநிதியாக முடியும்.

நான்காவது, அமலாக்கம். விதிமீறலுக்கு 200 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். அதற்கும் மசியாதவர்களுக்கு ஸ்ட்ராட்டா நிர்வாக நடுவர் மன்றம் இருக்கிறது. 250,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். பெரும்பாலும் வழக்கறிஞர் இல்லாமலேயே வாதாடலாம். அதன் உத்தரவை மீறுவது குற்றம். நிர்வாகமே கடமை தவறினால், ஜோகூர் பாரு, இஸ்கந்தர் புத்ரி, பாசிர் கூடாங் போன்ற ஊராட்சிகளில் உள்ள கட்டட ஆணையரிடம் முறையிடலாம்.

'சுற்றுலா வரி கட்டுகிறேன், அதுவே அனுமதி' என்று சிலர் சொல்வதுண்டு. 2023 முதல் இணையத் தளங்கள் வழியாகவும் வெளிநாட்டு விருந்தினரிடம் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி வசூலாகிறது. அது வரி மட்டுமே. துணைவிதியை மீற அது அனுமதிச் சீட்டு ஆகாது.

வாங்கும் முன் யோசிக்க

தடை ஒன்றுதான் வழி என்பதும் இல்லை. குறைந்தபட்சத் தங்கும் காலம், விருந்தினர் பதிவு, இரவு நேர அமைதி என்று நிபந்தனை விதித்து அனுமதிக்கவும் குடியிருப்பாளர்கள் முடிவெடுக்கலாம். பினாங்கு மாநிலம் 2023இல் இதற்கெனத் தனி வழிகாட்டிகளை வெளியிட்டது. வாடகை வருமானத்தை நம்பி வீடு வாங்குகிறவர், விற்பனையாளரின் வாய்மொழியை நம்பாமல் நிலப்பட்டாவின் நிபந்தனையையும் கட்டடத்தின் துணைவிதிகளையும் முதலில் படிக்க வேண்டும். வீடு வாங்கிய பிறகும் விதி மாறலாம் என்பதை மறக்கக் கூடாது.

ஊர் கூடினால்தான் தேர் நகரும். அடுத்த பொதுக்கூட்ட அறிவிப்பு மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒட்டப்படும்போது, பலரும் அதைக் கடந்து போய்விடுவார்கள். அங்கே நின்று தேதியைக் குறித்துக்கொள்கிறவரின் வீட்டில்தான் ஒருநாள் குழந்தை நிம்மதியாகத் தூங்கும்.