கற்பூரத்தின் கணக்கு

கற்பூரம் எரிந்தபின் ஒன்றுமே மிஞ்சுவதில்லை என்று ஆலயச் சொற்பொழிவுகளில் கேட்டிருப்பீர்கள். நானும் கேட்டுத் தலையாட்டியவன்தான். ஆனால் நன்கொடையாளர்களின் ஆதரவில் ஞாயிறுதோறும் நம் மண்டபத்தில் நடைபெறும் எஸ்.பி.எம். வேதியியல் வகுப்பில், இதே கற்பூரத்தைக் கணக்காகக் கொடுப்பது என் வழக்கம். அங்கே கதை வேறு.

38 கிராம் கற்பூரம் முற்றிலும் எரிய எத்தனை கிராம் பிராணவாயு வேண்டும்? சமன்பாட்டின்படி 2 மூலக்கூறு கற்பூரத்துக்கு 27 மூலக்கூறு பிராணவாயு. கிடைப்பவை 20 மூலக்கூறு கரியமில வாயு, 16 மூலக்கூறு நீர். பிள்ளைகளில் பலர் உடனே 38ஐ 27ஆல் பெருக்கி, 2ஆல் வகுத்து, 513 கிராம் என்று எழுதிவிடுவார்கள். மதிப்பெண் பறிபோவது இங்கேதான். இதே தவற்றைத் திரும்பத் திரும்பச் செய்த மாணவி ஒருத்தி, வேதியியலையே விட்டுவிடுகிறேன் என்று கண்கலங்கி நின்றாள்.

அவளை உண்டியல் எண்ணும் மேசைக்கு அழைத்துச் சென்றேன். ஒரு கிலோ 10 சென் காசும் ஒரு கிலோ 20 சென் காசும் தராசில் சமம். எண்ணிக்கையில் சமமா? 20 சென் கனமானது. ஆகவே குறைவாகத்தான் இருக்கும். தராசு சொல்வது எடை. சமன்பாடு சொல்வதோ எண்ணிக்கை. எடையை முதலில் எண்ணிக்கையாக மாற்ற வேண்டும். அந்த எண்ணிக்கைக்குரிய அளவே மோல்.

கற்பூரம் ஒரு மோல் 152 கிராம். எனவே 38 கிராம் என்பது கால் மோல். ஒரு மோலுக்குப் பதின்மூன்றரை மோல் பிராணவாயு என்றால், கால் மோலுக்கு 3.375 மோல். பிராணவாயு ஒரு மோல் 32 கிராம். பெருக்கினால் 108 கிராம். (விடை மறக்கக் கூடாதென்றே 38 கிராமைத் தேர்ந்தெடுத்தேன்!)

மற்றதை அவளே போட்டாள். கரியமில வாயு 110, நீராவி 36, ஆக 146 கிராம். 38ஐயும் 108ஐயும் கூட்டினாலும் அதே 146.

"ஐயா, ஒன்றுமில்லாமல் போகவில்லையே! கூடித்தானே இருக்கிறது!" என்றாள்.

கரும்புகை வந்தால் கற்பூரம் முழுமையாக எரியவில்லை என்று பொருள். அப்போது இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அதையும் சொல்லிவைத்தேன்.

108 கிராம் பிராணவாயு ஏறக்குறைய 400 லிட்டர் காற்றில் இருப்பது. இதை நிர்வாகக் குழுவில் எடுத்துச் சொன்னபின், தீபாராதனை வேளையில் கருவறைச் சாளரத்தைத் திறந்து வைக்கும்படி குருக்களைக் கேட்டுக்கொண்டோம்.