அஞ்சல் பெட்டியே அலமாரி

ஒருவர் தம் பெயருக்கே நாள்தோறும் பார்சல் அனுப்புகிறார். வந்தவற்றை அஞ்சலகத்திலேயே விட்டுவைத்து, தேவைப்படும்போது போய்ப் பிரித்துக்கொள்கிறார். விந்தை மனிதர் என்போம் அல்லவா? கணிப்பொறி உலகில் பலர் இதைத்தான் செய்தார்கள்.

2004 ஏப்ரல் முதல் நாள் கூகிள் நிறுவனம் ஜிமெயிலை அறிவித்தது. ஒவ்வொருவருக்கும் 1 ஜிகாபைட் இடம் என்றதும், முட்டாள்கள் தின வேடிக்கை என்றே பலர் எண்ணினர். அப்போது ஹாட்மெயில் இலவசமாகத் தந்தது 2 மெகாபைட்; யாஹூ தந்தது 4. இரண்டு மெகாபைட் என்பது இரண்டு பிளாப்பி வட்டுகளின் கொள்ளளவுகூட அன்று. ஒரு ஜிகாபைட்டோ சுமார் 700 பிளாப்பிகளுக்குச் சமம்! கடிதங்களால் மட்டும் அதை நிரப்பிவிட முடியுமா? அதே ஆண்டில் ரிச்சர்ட் ஜோன்ஸ் என்பவர் அந்த இடத்தை வட்டுபோல் பயன்படுத்தும் நிரலொன்றை லினக்ஸ் கணிப்பொறிகளுக்காக எழுதினார். பின்னர் பயர்பாக்ஸ் உலாவியோடு ஒட்டிக்கொள்ளும் ஜிஸ்பேஸ் என்ற துணை நிரலும் வந்தது.

ஜிஸ்பேஸின் திரையில் ஒருபுறம் நம் கணிப்பொறியின் கோப்புகள், மறுபுறம் அஞ்சல் பெட்டியில் உள்ளவை. ஒரு படத்தை இங்கிருந்து அங்கு நகர்த்தினால், நிரல் நம் முகவரிக்கே ஓர் அஞ்சல் எழுதி அதில் படத்தை இணைத்துவிடும். கோப்பின் பெயர் முதலிய விவரங்கள் அஞ்சலின் பொருள் வரியில் ஏறும். பட்டியல் வேண்டுமானால் அந்த வரிகளைத் தேடிப் படித்தால் போதும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. மின்னஞ்சல் முதலில் ஆங்கில எழுத்துகளை மட்டும் சுமக்கவே அமைக்கப்பட்டது. ஆகவே படமும் பாட்டும் எழுத்துகளாக மாற வேண்டும். மூன்று பைட்டுகளில் 24 பிட்டுகள் உள்ளன. அவற்றை ஆறு ஆறாகப் பிரித்தால் நான்கு கூறுகள். ஆறு பிட்டுகளால் 64 வேறுபாடுகளைக் காட்டலாம். பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, இலக்கம் 10, குறிகள் 2 என அதற்குக் கணக்கு சரியாக இருக்கிறது. எனவே மூன்று பைட் நான்காகிறது. 6 மெகாபைட் பாட்டு ஒன்று, பயணத்தில் 8 மெகாபைட்டுக்குச் சற்று மேலாகவே பருத்துவிடும்!

அனுப்பிய அஞ்சலைத் திருத்தவும் முடியாது. கட்டுரையில் ஓர் எழுத்தை மாற்றினாலும் புதிய அஞ்சல் அனுப்பிப் பழையதை அழிக்க வேண்டும். அஞ்சலின் வரம்பை மீறும் கோப்புகளைத் துண்டாக்கித்தான் அனுப்ப முடியும்.

இவற்றைவிடப் பெரிய குறை வேறு. இந்த நிரல்களைக் கூகிள் உருவாக்கவில்லை. அவற்றிடம் நம் மறைச்சொல்லையே ஒப்படைக்க வேண்டியிருந்தது. ஜிமெயில் பக்கத்தின் அமைப்பு மாறினால் நிரல் திகைத்து நின்றுவிடும். முழுதாக உள்ள கோப்பை அஞ்சலைத் திறந்து எடுத்துவிடலாம். துண்டாக்கியதை வரிசை அறிந்து ஒட்டுவது பெரும்பாடு. 2017 நவம்பரில் பயர்பாக்ஸ் 57 வந்தபோது பழைய முறைத் துணை நிரல்கள் எல்லாமே செயலிழந்தன.

அதற்குள் 2012-இல் கூகிளே 5 ஜிகாபைட் இலவச இடத்துடன் கோப்புக் கிடங்கைத் திறந்திருந்தது. 2013-இல் அஞ்சலுக்கும் கோப்புக்கும் பொதுவாக 15 ஜிகாபைட் என்றாயிற்று. இரண்டு ஆண்டுகள் எட்டிப்பாராத கணக்குகளை நீக்கும் வழக்கம் 2023 டிசம்பரில் தொடங்கியது. அன்று இப்படிப் படங்களைப் போட்டுவைத்தவர்கள் ஒருமுறை உள்ளே சென்று பார்த்து, வேண்டியவற்றை இறக்கிக்கொள்வது நல்லது.