ஆற்றுமுகத்தில் இறகுத் தூண்டில்



ஞாயிற்றுக்கிழமை வந்தால் நம் தோட்டத்துப் பிள்ளைகள் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் புறப்பட்டுவிடுவது நாம் அறிந்ததே. பீடோங், செமிலிங் வட்டாரத்தில் இருப்போருக்கு மெர்போக் ஆறு. அதற்குத் தெற்கே இருப்போருக்கு மூடா ஆறு. மண்புழுவையோ இறாலையோ முள்ளில் குத்தித் தண்ணீரில் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். கிடைத்த மீன் அன்றிரவே குழம்பாகிவிடும். ஆனால், பல்லாயிரம் மைல் விமானத்தில் பறந்து வந்து, படகுக்கு வாடகையும் வழிகாட்டிக்குக் கூலியும் கொடுத்து, நாள் முழுவதும் வெயிலில் நின்று, பிடித்த மீனை மறுபடியும் தண்ணீரிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். இவர்களுக்கு என்ன பைத்தியமா என்று நமக்குக் கேட்கத் தோன்றும். இது என்ன தூண்டில், பிடித்த மீனை ஏன் விடுகிறார்கள், இதனால் நம் வட்டாரத்துக்கு ஏதேனும் பயன் உண்டா என்பவற்றை இன்று பார்ப்போம்.

இந்தத் தூண்டிலை ஆங்கிலத்தில் ஃபிளை ஃபிஷிங் என்பார்கள். ஃபிளை என்றால் ஈ. ஒரு தூண்டில் முள்ளின்மேல் இறகையும் மயிரையும் நூலால் சுற்றிக் கட்டி, பார்ப்பதற்கு ஈயைப் போலவோ சிறு பூச்சியைப் போலவோ செய்துவிடுவார்கள். அதை உண்மையான இரை என்று எண்ணி மீன் கவ்வும். இது புதிய வித்தை அல்ல. சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த ஈலியன் என்னும் ரோமானிய எழுத்தாளர், மாசிடோனியா நாட்டு மக்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் இறகு இரண்டைச் சேர்த்துக் கட்டி மீன் பிடித்ததை எழுதி வைத்திருக்கிறார். கடலோரத்தில் ஈயைத் தின்னும் மீன் குறைவு. ஆகவே உப்புநீரில் பிடிப்பவர்கள் சிறு மீன், இறால், நண்டு ஆகியவற்றின் உருவில் இறகைக் கட்டுகிறார்கள். பெயர் மட்டும் ஈ என்றே நின்றுவிட்டது.

இதை எறிவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நாம் எறியும் தூண்டிலில் ஈயக் குண்டு கட்டியிருக்கும். அந்தக் குண்டின் கனம் மெல்லிய தங்கூசி நரம்பை இழுத்துக்கொண்டு பறக்கும். இறகுக்கோ கனமே கிடையாது. காற்றில் எறிந்தால் காலடியில் விழும். இதற்காக நரம்பையே கனமாகச் செய்துவிட்டார்கள். பிளாஸ்டிக் பூசிய தடித்த நரம்பு அது. சுமார் 9 அடி நீளமுள்ள வளையும் கோலை முன்னும் பின்னும் வீசும்போது, நரம்பு சாட்டையைப் போலக் காற்றில் சுருண்டு விரிந்து நீளும். அதன் நுனியில் கட்டியுள்ள மெல்லிய நரம்பும் இறகும் கடைசியாக மெதுவாகத் தண்ணீரில் விழும். மாட்டுக்காரர் சாட்டையைச் சொடுக்குவதைப் பார்த்திருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பிறகு நரம்பைக் கையால் சிறிது சிறிதாக இழுப்பார்கள். இறகு துள்ளித் துள்ளி நீந்துவது போலத் தோன்றும். நரம்புகளுக்குக் கனத்தைப் பொறுத்து எண் உண்டு. ஓடை மீனுக்கு 5ஆம் எண் போதும். ஆற்றுமுகத்து மீனுக்கு 8 முதல் 10ஆம் எண் வரை வேண்டும்.

இப்படிப்பட்டவர்கள் தேடிப் போகும் இடங்கள் பெரும்பாலும் தொலைதூரத்து வெப்பக் கடற்கரைகள். பசிபிக் மாகடலின் நடுவில், கிரிபாட்டி நாட்டில், கிரிட்டிமாட்டி என்றொரு தீவு இருக்கிறது. கிறிஸ்மஸ் தீவு என்றும் சொல்வார்கள். அதன் கதை நம் கதையைப் போன்றது. தென்னந்தோட்டம் போட்டு, கொப்பரை உடைப்பதற்காக மற்றத் தீவுகளிலிருந்து தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். அந்தத் தீவைச் சுற்றி முழங்கால் ஆழத்தில் வெண்மணல் திட்டுகள் உண்டு. அங்கே திரியும் போன்ஃபிஷ் என்னும் வெள்ளி நிற மீனை இறகுத் தூண்டிலில் பிடிக்க வெளிநாட்டார் வரத் தொடங்கியதும், அத்தீவு மக்களில் பலர் வழிகாட்டிகளாகிவிட்டார்கள். மணல்மேல் ஓடும் மீனின் நிழலைத் தூரத்திலிருந்தே கண்டு சொல்லும் கண்ணுக்குத்தான் அங்கே கூலி. மத்திய அமெரிக்காவிலுள்ள பெலிஸ் நாடோ 2009ஆம் ஆண்டில் ஒரு சட்டமே செய்தது. போன்ஃபிஷ் உள்ளிட்ட மூன்று வகை மீன்களைப் பிடித்தால் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது அச்சட்டம். செத்த மீன் ஒரு முறை விலை போகும். உயிருள்ள மீனைத் தேடி ஆட்கள் ஆண்டுதோறும் வருவார்கள் என்பதே அவர்கள் போட்ட கணக்கு.

நம் நாட்டில் பகாங் மாநிலத்துக் கோலா ரொம்பினில், முதுகில் பாய் விரித்தாற்போன்ற மயில் மீனைப் பிடித்து விடுவதற்காகப் பல நாட்டாரும் வருகிறார்கள். கெடாவில் லங்காவித் தீவிலும் மெர்போக் ஆற்றுமுகத்திலும் படகுக்காரர்கள் தூண்டில்காரர்களை அழைத்துச் செல்கிறார்கள். இங்கே இறகுத் தூண்டில் பிடிப்பவர்கள் சிலரே. பொய்மீன் கட்டி எறிபவர்களும் உயிர் இறால் போடுபவர்களுமே அதிகம். ஆனால் தேடும் மீன் ஒன்றுதான். அதுவே கொடுவா, மலாய்க்காரர் சொல்லும் சியாக்காப்.

மெர்போக் ஆறு நமக்குப் புதிய ஆறல்ல. பழைய கடாரத்துத் துறைமுகத்தின் சிதைவுகள் கிடைத்த பூஜாங் பள்ளத்தாக்கு இதை ஒட்டியே இருக்கிறது. 1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழனின் கப்பற்படை தேடி வந்தது அந்தக் கடாரத்தைத்தான். இன்று அதே ஆற்றின் இரு கரையிலும் பாக்காவ் காடு பரவி நிற்கிறது. தமிழில் இதை அலையாத்திக் காடு என்பார்கள். அலையின் வேகத்தை ஆற்றுவதால் அந்தப் பெயர். சேற்றில் ஊன்றிய வேர்களின் இடுக்கில் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் மீன் குஞ்சும் ஒளிந்து வளர்கின்றன. உதிர்ந்த இலை மக்கி அவற்றுக்கு உணவாகிறது.

இந்தக் கரையில் நாளுக்கு இரண்டு முறை நீர் ஏறி, இரண்டு முறை இறங்கும். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தாமதித்து ஏறும். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஏற்ற இறக்கம் மிகுதி; அரைநிலா நாட்களில் குறைவு. நீர் இறங்கும்போது, காட்டுக்குள் மேய்ந்த இறாலும் சிறுமீனும் ஓடை வாயின் வழியே வெளியே வந்தாக வேண்டும். கொடுவா அங்கே விழுந்து கிடக்கும் மரத்தின் மறைவில் காத்து நிற்கும். எந்த ஓடையில், எந்த மரத்தடியில், எத்தனை மணிக்கு என்பது புத்தகத்தில் இல்லை. அந்த ஆற்றில் வளர்ந்தவருக்குத்தான் தெரியும். வெளியூர்க்காரர் காசு கொடுத்து வாங்குவது இந்த அறிவைத்தான்.

கொடுவாவைப் பற்றி நாம் கட்டாயம் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இது பெரும்பாலும் ஆணாகவே வளர்கிறது. மூன்று நான்கு வயதில் ஆணாக முதிர்ந்து, ஏறக்குறைய ஆறு வயதுக்குமேல், முக்கால் மீட்டரைத் தாண்டி ஒரு மீட்டரை நெருங்கும் பருவத்தில் பெண்ணாக மாறிவிடுகிறது. அதாவது, ஆற்றில் உள்ள மிகப் பெரிய கொடுவாக்கள் எல்லாம் தாய்மார்கள். பெரிய தாய் ஒன்று கோடிக்கணக்கான முட்டை இடும். பெரிய மீனாகப் பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டே போனால் ஆற்றில் மிஞ்சுவது ஆண் மட்டுமே. பிறகு குஞ்சு எங்கிருந்து வரும்? ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் 58 சென்டிமீட்டருக்குக் குறைந்த கொடுவாவையும் 120 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கொடுவாவையும் எடுக்கக் கூடாது என்று விதி வைத்ததற்குக் காரணம் இதுவே. சிறியது வளரட்டும், பெரியது ஈனட்டும் என்பது அதன் பொருள்.

"வெள்ளைக்காரர் பொழுதுபோக்குக்குப் பிடிக்கிறார், விடுகிறார், நாம் குழம்புக்காக அல்லவா பிடிக்கிறோம்?" என்று தாய்மார்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். குழம்புக்கு மீன் எடுப்பதில் குற்றமில்லை. நடுத்தர மீனை எடுத்துக்கொள்வோம். விரல் நீளக் குஞ்சையும் மிகப் பெரிய தாயையும் விட்டுவிடுவோம். விடும்போது பிழைக்கும்படி விட வேண்டும். முள்ளின் கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிட்டால் எளிதில் கழன்றுவரும். உலர்ந்த கையால் தொட்டால் மீனின் வழவழப்பு உரிந்துபோகும், கையை நனைத்துக்கொள்ளுங்கள். செவுளுக்குள் விரலை விடாதீர்கள். கொடுவாவின் செவுள் மூடி கத்தி போல வெட்டும். தண்ணீரிலேயே தாங்கிப் பிடித்து, அது தானாக வாலடித்துப் போகும்வரை பொறுத்திருங்கள்.

மீனைக் காப்பதைவிட முக்கியம் காட்டைக் காப்பது. மெர்போக் பாக்காவ் காட்டின் ஒரு பகுதி இறால் குளங்களுக்காக வெட்டப்பட்டிருக்கிறது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் சுனாமி கோலா மூடா கடற்கரையைத் தாக்கியதை நாம் மறக்க முடியாது. இந்த மரங்கள் எல்லா அலையையும் தடுத்துவிடும் என்று சொல்வது மிகை. ஆனால் அலையின் வேகத்தை இவை குறைக்கின்றன. கரை அரிப்பைத் தடுக்கின்றன. வழிகாட்டிக்கும் மீனவருக்கும் மூலதனம் இந்தக் காடுதான். கோத்தா கோலா மூடாவின் பாசார் பீசிக் சந்தையில், வாங்குபவர் விலையை விற்பவரின் காதில் கிசுகிசுத்துச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. காடு போனால் அங்கே கிசுகிசுக்கவும் மீன் இராது.

சுங்கைப் பட்டாணி வட்டாரத்தில் பல தோட்டங்கள் வீட்டு மனைகளாகிவிட்டன. வேலை தேடும் நம் இளைஞர்கள் இந்தத் தொழிலையும் எண்ணிப் பார்க்கலாம். ஆனால் பகற்கனவு காணக் கூடாது. இது ஆண்டு முழுவதும் சோறு போடும் தொழில் அல்ல. பெருமழை மாதங்களில் ஆறு கலங்கிவிடும். கலங்கிய நீரில் மீன் இறகைப் பார்க்காது. படகு, இயந்திரம், எண்ணெய் ஆகியவற்றுக்குப் பணம் வேண்டும். கைவேலையை விட்டுவிட்டு இதில் குதிப்பதைவிட, முதலில் ஓய்வு நாட்களில் அனுபவமுள்ள படகுக்காரருடன் போய்ப் பழகுவதே அறிவுடைமை. சுற்றுப்பயணிகளுக்கு வழிகாட்ட 1992ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டப்படி உரிமம் வேண்டும். காடு, ஆறு போன்ற இயற்கை இடங்களுக்குப் பச்சை அட்டை என்னும் உரிமம் உண்டு. அதற்குப் பயிற்சி பெற வேண்டும். படகுக்கும் தனி உரிமம் வேண்டும். முதலுதவியும் மலாயும் ஓரளவு ஆங்கிலமும் தெரிந்திருக்க வேண்டும். எங்கே தூண்டில் போடக் கூடாது என்பதும் தெரிய வேண்டும். லங்காவிக்குத் தெற்கேயுள்ள பாயார் தீவைச் சுற்றிய கடல் பூங்காவில் மீன் பிடிப்பது சட்டப்படி குற்றம்.

கடைசியாக, தொழிலுக்குப் போனாலும் பொழுதுபோக்குக்குப் போனாலும் உயிர் பெரிது. படகில் ஏறுமுன் மிதவைச் சட்டையை அணியுங்கள். அதை இருக்கைக்கு அடியில் வைத்திருப்பதால் பயனில்லை. இடி இடித்தால் உடனே கோலைக் கீழே வையுங்கள். இன்றைய கரிநார்க் கோல்களில் மின்சாரம் பாயும். வீசும் முள் கண்ணில் படாமல் இருக்கக் கண்ணாடி அணியுங்கள். செம்பிலாங் கெளுத்தியின் முள்ளில் நஞ்சு உண்டு, வெறுங்கையால் பிடிக்காதீர்கள். நீர் ஏறும் நேரத்தை அறியாமல் சேற்றுத் திட்டில் இறங்காதீர்கள். போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் ஆற்றுக்குப் புறப்படும்போது, பெரிய கொடுவா ஒரு தாய் என்பதை மட்டுமாவது அவர்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கும் மெர்போக் ஆற்றில் மீன் இருக்கும்.